மைக்கைக் கண்டால் மாறும் குரல்: பிள்ளைகளின் கதைகளுக்கு ‘சூம் எச்1என்’ ஒலிப்பதிவுக் கருவி

யாழ்ப்பாணத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முன்னால் மைக்கை நீட்டிப் பாருங்கள். முதுகு நிமிரும். கைகள் இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். “மதிப்புக்குரிய நடுவர் அவர்களே” என்ற தொனி எங்கிருந்தோ வந்து ஏறிவிடும். பேச்சுப்போட்டியிலும் தமிழ்த்தினப் போட்டியிலும் பழக்கிய குரல் அது. ஐந்து நிமிடத்துக்கு முன் குசினி வாசலில் நின்று, கண்ணாடி போட்ட நண்டு ஒன்று பருத்தித்துறை பஸ்ஸில் ஏறின கதையை மூச்சுவிடாமல் சொன்னதும் இதே பிள்ளைதான். மைக் வந்ததும் நண்டு இறங்கிப் போய்விட்டது.

பிள்ளைகள் தாங்களாகக் கட்டிச் சொல்லும் கதைகளைச் சிரிப்பு நாடகமாக ஒலிப்பதிவு செய்ய எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், விபரத்தாளில் உள்ள எண்களைப் பார்ப்பதற்கு முன் இந்தக் குரல் மாற்றத்தைத்தான் பார்க்கவேண்டும். பிள்ளை முதல்முறை சொல்வது கதை. “இன்னொருக்காச் சொல்லு, றெக்கோட் பண்ணுவம்” என்று கேட்டு வாங்குவது ஒப்பிப்பு. ஆகவே கருவி கெதியாகத் தயாராகவேண்டும், பிள்ளையின் கண்ணில் பெரிதாகப் படக்கூடாது, ஒருமுறை வந்த சத்தத்தைக் கெடுக்காமல் பிடிக்கவேண்டும். இந்த மூன்றிலும் சூம் எச்1என் எப்படி என்று பார்ப்போம்.

ஜப்பானிய நிறுவனமான சூம் 2018இல் வெளியிட்ட கருவி இது. 2010இல் வந்த எச்1 என்பதன் அடுத்த வடிவம். பற்றரி இல்லாமல் ஏறக்குறைய 60 கிராம். தலைப்பக்கத்தில் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் இரண்டு மைக்குகள் 90 பாகையில் ஒன்றையொன்று வெட்டும் விதமாக இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி வைத்தால் ரிவி றிமோட் மாதிரித்தான் தெரியும். இந்த வேலைக்கு அது பெரிய நன்மை. உருண்டைத் தலையுள்ள மேடை மைக்கைப் பார்த்து விறைக்கும் பிள்ளை, மேசையில் கிடக்கும் கறுப்புத் துண்டை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். சிவப்பு விளக்கு மட்டும் கண்ணைக் குத்தும். கருவியைச் சற்றுத் திருப்பி வைத்தால் அதுவும் தெரியாது.

இதில் உள்ள ‘முன்பதிவு’ வசதிக்காகவே கருவியை வாங்கலாம். மெனுவுக்குள் அதைத் திறந்துவிட்டால், பதிவுப் பொத்தானை அமத்துவதற்கு முந்திய 2 செக்கன் சத்தமும் கோப்பில் சேரும். பிள்ளைகள் கதை தொடங்கும்போது அறிவிப்பதில்லை. “அம்மம்மா, அந்த நண்டுக்கு என்ன நடந்தது தெரியுமே” என்று தொடங்கும் வரி போய்விட்டால், பிறகு எந்த நடிகரும் அதை அப்படித் தொடங்கமாட்டார். பற்றரி கொஞ்சம் கூடச் செலவாகும், செலவாகட்டும். தொடங்கியபின் பக்கத்தில் உள்ள மின்சுவிச்சை ‘ஹோல்ட்’ பக்கம் தள்ளிவிட்டால் சின்னக் கைகள் பொத்தான்களை அமத்தினாலும் பதிவு நிற்காது.

இனிச் சத்த அளவு. முகப்பில் 1 முதல் 10 வரை சுழலும் கெயின் வில்லை இருக்கிறது; மைக்குக்குள் வரும் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். திரைக்குக் கீழே உள்ள பொத்தான்களில் லோ கட், லிமிற்றர், ஓட்டோ லெவல் மூன்றும் நேரே கையில் வரும். பலர் வாங்கிய அன்றே ஓட்டோ லெவலைப் போட்டுவிட்டு, பிறகு “கருவி இரைகிறது” என்று குறைசொல்வார்கள். பிழை கருவியில் இல்லை. ஓட்டோ லெவல், பேச்சு நிற்கும் இடத்தில் கெயினை ஏத்திவிடும். பிள்ளை யோசிக்கும் நான்கு செக்கனில் காகமும் காற்றாடியும் பக்கத்து வீட்டு மோட்டரும் மேலே வரும், திரும்பப் பேசத் தொடங்க அவை கீழே போகும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்காக எடுக்கமுடியாது. ஓட்டோ லெவலை நிறுத்திவிட்டு, திடீர்க் கத்தலை மட்டும் அடக்கும் லிமிற்றரைப் போடுங்கள். கெயினை 5இல் தொடங்கி, சாதாரணமாகக் கதைக்கும்போது மீற்றரின் உச்சம் -18 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி குறையுங்கள் அல்லது கூட்டுங்கள். வழக்கமான ஒலிப்பதிவுக்கு -12 என்று சொல்வார்கள். சத்தம் வெடிக்கும் 0 வரை அது விடும் இடைவெளி பிள்ளைகளுக்குக் காணாது. இரகசியம் சொல்லும் குரலிலிருந்து “டுமீல்!” என்ற கத்தலுக்கு அரைச் செக்கனில் போகிறவர்கள் அவர்கள். 24 பிற் பதிவில் சத்தம் குறைவாக எடுத்துப் பிறகு கூட்டுவதால் வரும் இரைச்சல், வீட்டு இரைச்சலோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. வெடித்துப்போன கத்தலைத் திருத்த வழியில்லை.

பதிவு வடிவம் 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் போதும். 96 வரை போகலாம், ஆனால் நண்டின் கதைக்கு அது வீண். இந்த அமைப்பில் ஸ்ரீரியோப் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மெகாபைற், மணித்தியாலத்துக்கு 1 கிகாபைற்றுக்குச் சற்றுக் கூட. எச்1என் ஏற்கும் மிகப் பெரிய மைக்ரோ எஸ்டி அட்டை 32 கிகாபைற். ஒரு மாதக் கதைகளுக்குக் காணும்.

லோ கட் என்பது தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் வடி. 80, 120, 160 ஹேர்ட்ஸ் என்று மூன்று படி. சின்னப் பிள்ளையின் பேச்சுக் குரலின் அடிச்சுருதி பொதுவாக 250 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கும். அதனால் 160இல் வெட்டினாலும் குரலுக்கு ஒன்றும் ஆகாது, காற்றாடியின் உறுமலும் ரோட்டில் போகும் லொறியின் அதிர்வும் குறையும். வளர்ந்த ஆணின் குரல் 85 ஹேர்ட்ஸ் அளவிலிருந்தே தொடங்குகிறது. பூதத்துக்குக் குரல் கொடுக்கும் மாமா வரும்போது 80க்கு மாற்ற மறந்தால், பூதம் மெலிந்துபோய் நிற்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 80இல் வெட்டினால் அதன் முனகலில் 50 குறையும், 100 தப்பிவிடும். சார்ஜர்கள், குளிரூட்டிப் பெட்டிகள் பக்கத்திலிருந்து கருவியைத் தள்ளி வைப்பதுதான் அதற்கு மருந்து.

இந்தக் கருவியின் உண்மையான குறை அதன் உடல். பிளாஸ்ரிக் கூடு, கையில் பிடித்தால் விரல் அசையும் ஒவ்வொரு முறையும் கரகரப்பு பதிவாகும். அதைக் கையில் பிடித்துப் பிள்ளைக்குப் பின்னால் திரிவது சரிவராது. மேசையில் நேரே வைத்தால் பிள்ளை மேசையில் தட்டும் ஒவ்வொரு தட்டும் இடியாக விழும். பழைய சாரம் ஒன்றை எட்டாக மடித்து, அதன்மேல் வைப்பது மலிவான தீர்வு. முதுகில் கால் அங்குலத் திருகுத் துளை உண்டு, சின்ன முக்காலி இருந்தால் பூட்டி, முக்காலியைச் சாரத்தின்மேல் வைக்கலாம். நுரை உறை பெட்டியில் வராது, வேறாக வாங்கவேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரத்தில் உறையில்லாமல் பதிந்தால் கதை முழுக்கக் காற்றுத்தான் பேசும்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையில் ஒரு சாண் நல்ல அளவு. தூரம் இரட்டித்தால் நேர்க்குரல் 6 டெசிபல் விழும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். நேரே வாய்க்கு முன்னால் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சரித்து வையுங்கள். தமிழில் சொல்லின் தொடக்கத்து ‘ப’வுக்கு மூச்சுக் காற்று அதிகம் வெளியேறாது. ஆங்கிலப் பாட்டைப் பாடும் பிள்ளையைவிடத் தமிழில் கதை சொல்லும் பிள்ளை மைக்கில் குறைவாகத்தான் ஊதும். இது எங்கள் அதிர்ஷ்டம். “பேஏஏய்!” என்று கத்தும்போதும் “ஃபூ” என்று ஊதி நெருப்பணைக்கும்போதும் மட்டும் கவனம்.

கருவியைவிட அறைதான் அதிகம் கெடுக்கிறது. சீமெந்து நிலம், பூசின சுவர், உயரமான கூரை, நாலு பிளாஸ்ரிக் கதிரை உள்ள எங்கள் விறாந்தைகளும் ஹோல்களும் ஒலிப்பதிவுக்கு எதிரிகள். கதை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வீட்டில் மெத்தையும் உடுப்பு அலுமாரியும் உள்ள அறையைத் தேடுங்கள். அலுமாரியின் கதவுகளைத் திறந்து, அதற்கு முன்னால் பிள்ளையை மெத்தையில் இருத்தி, மைக்கின் முகம் பிள்ளையை நோக்கியும் பிள்ளையின் முதுகு உடுப்புகளை நோக்கியும் இருக்க வைத்தால் பாதி எதிரொலி போய்விடும். கொடியில் தடித்த போர்வை இரண்டைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. வேட்டி, நுளம்புவலை, பாய் ஆகியவை மெல்லியன, அவற்றால் பெரிய பலன் இல்லை.

நேரத்தையும் பார்க்கவேண்டும். காலையில் காகம். பின்னேரம் இசை போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் பதிவு வேலையையே மறந்துவிடலாம். இரவு அமைதி என்று நினைத்தால் சில்வண்டு தொடங்கும். அதன் சத்தம் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் இருக்கும் உயரத்திலேயே இருப்பதால், இரைச்சல் நீக்கும் வடியைப் போட்டால் வண்டோடு சேர்ந்து எழுத்தும் தேயும். பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, ரியூசனுக்குப் போகுமுன் கிடைக்கும் ஒரு மணித்தியாலம்தான் பெரும்பாலான வீடுகளில் நல்ல நேரம். நடுவில் பல்லி சொன்னால் வெட்டவேண்டாம். “பல்லி சொல்லுது, அப்ப உண்மைதான்” என்று எடுத்துரைஞர் ஒரு வரி சேர்த்தால் நாடகத்துக்கு இலவசச் சிரிப்பு.

கதையை வாங்குவது எப்படி

ஒரு நாடகத்துக்கு 10 முதல் 15 நிமிடப் பதிவு வேண்டும். அதில் பாவிக்கக்கூடியது 3 நிமிடம் தேறும். பெரியவர் கேட்கவேண்டிய கேள்விகள் மிகக் குறைவு: “பிறகு?”, “ஏனாம்?”, “அவர் என்ன சொன்னவர்?” அவ்வளவுதான். “நண்டு கண்ணாடி போடுமா?” என்று கேட்டால் கதை அங்கேயே செத்துவிடும். “அதிலயிருந்து என்ன பாடம் படிச்சனி?” என்பது அதைவிட மோசம். நல்ல கேள்வி கதைக்குள்ளேயே நின்று கேட்கும். உதாரணத்துக்கு இப்படி ஒரு கதை வருகிறது என்று வைப்போம்:

“நண்டு பஸ்ஸில ஏறிச்சுது. கொண்டக்டர் அரை ரிக்கெற் குடுத்தார். ஏனெண்டால் நண்டு பக்கவாட்டிலதான் இருக்கும், அரைச் சீற்றுக் காணும். பிறகு பஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்திட்டுது.”

இங்கே “பஸ்ஸுக்கு எப்படிக் காய்ச்சல் வரும்?” என்று கேட்பவர் கெட்டிக்காரர் அல்ல. “பஸ்ஸுக்கு ஆர் மருந்து குடுத்தது?” என்று கேட்பவருக்குத்தான் அடுத்த காட்சி கிடைக்கும்: “பரியாரியார் வந்து சைலன்சருக்குள்ள தேமாமீற்றர் வைச்சுப் பாத்தவர். நூற்றி மூண்டு.”

பதிவை எழுத்தில் இறக்கும்போது கருவியின் வேகக் கட்டுப்பாடு உதவும். 50 வீதம் வரை மெதுவாக்கிக் கேட்கலாம், ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். கோப்பு மாறாது. எழுதும்போது ‘எண்டு’ என்பதை ‘என்று’ ஆக்கவேண்டாம், ‘சாப்பிட்டிச்சுது’ என்பதைத் திருத்தவேண்டாம். இன்றைய பிள்ளைகள் வில்லன் வரும் இடத்தில் இந்தியக் கார்ட்டூன்களின் தமிழுக்குத் தாவுவார்கள்: “டேய், உன்னை விடமாட்டேன்டா!” அதையும் விடுங்கள். யாழ்ப்பாணத்து நண்டுக்கு முன்னால் சென்னைத் தமிழ் பேசும் பூதம் வந்து நிற்பது எந்த எழுத்தாளரும் யோசித்து எழுதக்கூடிய பகிடி அல்ல.

5 நிமிட நாடகத்துக்கு 450 முதல் 500 சொல் போதும். தமிழ்ச் சொற்கள் நீளம், சிரிப்பு நாடகத்தில் இடைவெளியும் வேண்டும். 700 சொல் எழுதிவிட்டு 5 நிமிடத்துக்குள் அடக்கப் பார்ப்பவர்கள் எல்லோரையும் ஓடவைத்து, பகிடி எங்கே வந்தது என்று தெரியாமல் முடிப்பார்கள்.

நடிக்க மூன்று பேர் காணும். எடுத்துரைஞர் ஒருவர், பாத்திரங்களுக்கு இருவர். எடுத்துரைஞர் என்ற சொல்லும் ஆளும் எங்கள் சிறுவர் அரங்கில் ஏற்கெனவே இருப்பவர்கள். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழியில் வந்த பள்ளிக்கூட நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒலி நாடகத்துக்கு அதைவிடக் கிட்டிய முன்மாதிரி வில்லிசை. சின்னமணி போன்றவர்களின் வில்லிசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கதை சொல்பவரைவிடப் பக்கத்திலிருந்து “ஓமோம்”, “அப்பிடியே?” என்று எடுத்துக்கொடுப்பவர்தான் பல இடங்களில் சிரிப்பை இழுப்பார். நண்டுக் கதைக்கும் அப்படியொரு ஆளைப் போடுங்கள்.

எடுத்துரைஞர்: “பஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்தது.”
பக்கப்பாட்டு: “ஐயோ. எந்தச் சில்லுக்கு?”

நடிப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, சிரிப்பாக நடிக்கப் பார்ப்பது. குழைந்து, கொஞ்சி, குரலை நெளித்துப் பேசினால் பிள்ளைகள்கூடச் சிரிக்கமாட்டார்கள். “கொண்டக்டர் அரை ரிக்கெற் கொடுத்தார்” என்பதை மரண அறிவித்தல் வாசிப்பதுபோல் வாசிக்கவேண்டும். ‘ஏனெண்டால்’ என்ற சொல்லுக்குப் பிறகு அரைச் செக்கன் நிறுத்தம். பிள்ளைகளின் கதைகளில் பகிடி எப்போதும் அந்தக் காரணத்தில்தான் ஒளிந்திருக்கும். பரியாரியார் பஸ்ஸுக்கு மருந்து எழுதும்போது அவர் உண்மையிலேயே கவலைப்படவேண்டும்.

சத்தங்களை இணையத்தில் தேடி இறக்குவதைவிடக் குசினியில் தேடுவது நல்லது. இரண்டு சிரட்டை குதிரை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுளகில் ஒரு கை உளுந்தைப் போட்டு மெதுவாகச் சரித்தால் கடலலை, வேகமாக உலுப்பினால் மழை. காவோலையைக் கசக்கினால் நெருப்பு. திருவலையில் பாதி திருவின தேங்காய்ப் பாதியை மெதுவாகத் தேய்த்தால் பூதம் பல் நெருமுகிறது. பனங்கொட்டையை மண் தரையில் போட்டால் ராட்சதனின் காலடி, சீமெந்தில் போட்டால் வெறும் பனங்கொட்டை. எண்ணெய் காணாத இடியப்ப உரலைத் திருகும்போது வரும் கீச்சு, காய்ச்சல் பிடித்த பஸ்ஸின் கதவு. காட்சி மாறும் இடத்தில் சல்லாரி ஒரு தட்டு. சினிமாப் பாட்டுத் துண்டுகளைப் போடாதீர்கள். பகிர்ந்தால் உரிமைச் சிக்கல் வரும், அதைவிட முக்கியமாக நண்டுக்கு அது பொருந்தாது. சத்தங்களை மைக்குக்கு அரைச் சாணில் வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை பதியுங்கள். முதல் தட்டில் கை நடுங்கும், மூன்றாவதில் ஆர்வம் போய்விடும், பெரும்பாலும் இரண்டாவதுதான் நிற்கும்.

ஒடாசிற்றியில் கவனிக்கவேண்டியவை

கணினியில் தொகுக்க ஒடாசிற்றி போதும். இலவசம். 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மென்பொருள், பழைய மடிக்கணினியிலும் ஓடும். பதிவைத் திறந்தவுடன் குரல் தடத்தை மோனோவாக்குங்கள். ஸ்ரீரியோவில் பிள்ளை கதிரையில் நெளியும்போதெல்லாம் குரல் காதுக்குக் காது தாவும். எச்1என்னின் இரு மைக்குகளும் ஒரே இடத்தில் குறுக்காக இருப்பதால், மோனோவாக்கும்போது ஒன்றையொன்று கரைத்துக் குரல் ஓட்டையாவதில்லை. இடம்விட்டு வைத்த இரண்டு தனி மைக்குகளில் அந்த ஆபத்து உண்டு.

இரைச்சல் நீக்கத்துக்கு அறையின் வெறும் சத்தம் ஒரு 5 செக்கனாவது வேண்டும். பிள்ளை வருமுன்பே, எல்லாம் வைத்தபடி பதிந்து வையுங்கள். முதலில் அந்தத் துண்டைத் தெரிந்து ‘இரைச்சல் மாதிரி’ எடுத்து, பிறகு முழுத் தடத்துக்கும் 6 முதல் 9 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள். 20 என்று ஆசைப்பட்டால் பிள்ளை தண்ணீர்த் தாங்கிக்குள் இருந்து பேசும். ‘மௌனம் சுருக்கு’ என்ற வசதியைத் தொடவே வேண்டாம். செய்திக்கு நல்லது, பகிடிக்கு நஞ்சு. மேலே சொன்ன அந்த அரைச் செக்கனை அதுதான் முதலில் தின்னும்.

குரல் மாற்றம் எல்லோரும் ஆசையோடு ஓடிப்போகும் இடம், நாடகத்தை அதிகம் கெடுக்கும் இடமும் அதுதான். சுருதியை 3 அல்லது 4 அரைச்சுரம் ஏத்தினால் நண்டு. 6க்கு மேல் போனால் ‘ழ’வும் ‘ள’வும் ‘ல’வும் ஒன்றாகி, யார் என்ன சொன்னார் என்றே தெரியாது. வேகத்தை 33 வீதம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய 5 அரைச்சுரம் ஏறும். நடிகர் அதே அளவு மெதுவாகப் பேசிப் பதிந்துவிட்டு வேகத்தைக் கூட்டினால், சுருதி மட்டும் ஏறி, சொல் தெளிவாக நிற்கும். சுருதி மாற்றியைவிட இது சுத்தமாக வரும். எதிர்ப்பக்கம், பூதத்துக்காகக் குரலை மெதுவாக்கும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல்: குறில் நெடிலாகிவிடும். “கல்லை எடு” என்று பூதம் சொல்ல, “காலை எடு” என்று கேட்கும். அது வேண்டுமென்று செய்தால் பகிடி, தெரியாமல் நடந்தால் குழப்பம்.

இன்னொன்று, உங்கள் நாடகத்தை முக்கால்வாசிப் பேர் போனின் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அதில் தாழ்ந்த அதிர்வுகள் ஏறக்குறைய இல்லை. ஹெட்போனில் வயிற்றைக் கலக்கிய பூதம், ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் போனில் சளி பிடித்த மனிதராகக் கேட்கும். பூதத்துக்குப் பேஸ் கொடுக்காமல் மூச்சுக் கொடுங்கள்: நீண்ட மூச்சு, மெதுவான சொல், இடையில் ஒரு தொண்டைச் செருமல்.

கடைசியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியில் ஸ்ரீரியோவுக்கு -16, மோனோவுக்கு -19 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) கொடுத்து, எம்பி3யாக மோனோ 96 கிலோபிற்றில் எடுத்தால் 8 நிமிட நாடகம் 6 மெகாபைற்றுக்குள் அடங்கும். டேற்றா குறைந்தவர்களும் இறக்கலாம்.

போனே போதாதா?

முதல் இரண்டு கதைக்குப் போதும். விமானப் பயண முறையில் போட்டு, வட்ஸ்அப் குரல் செய்தியாக அல்லாமல் ஒலிப்பதிவுச் செயலியில் பதியுங்கள். குரல் செய்தி அளவுக்கு மீறிச் சுருக்கப்படுகிறது, அதைப் பிறகு சுருதி மாற்றினால் தகரம் தட்டும். பல போன்கள் தாங்களாகவே சத்தத்தைச் சமப்படுத்தும், இரைச்சல் நீக்கும், நிறுத்தவும் விடாது. மேலே ஓட்டோ லெவலுக்குச் சொன்ன வியாதி எல்லாம் இதற்கும் உண்டு. இன்னொரு பிரச்சினை மின்னணுவியல் சாராதது: போனைக் கண்ட பிள்ளைக்குக் கேம் ஞாபகம் வரும்.

சட்டையில் கொழுவும் போயா பிவை-எம்1 போன்ற மைக்குகள் மலிவு, 6 மீற்றர் வயர் வரும். நடிகர்களுக்கு நல்லது. பிள்ளைகளுக்கு அல்ல. சட்டை உரசும், வயரை இழுப்பார்கள், எல்லாத் திசையும் கேட்கும் மைக் என்பதால் அறையும் சேர்ந்து வரும். அதற்குள் இருக்கும் எல்ஆர்44 பற்றரி கமராவுக்கு மட்டும்தான் தேவை, போனுக்கு வேண்டாம். சுவிச்சை மாறி வைத்துவிட்டு “மைக் வேலைசெய்யவில்லை” என்பவர்கள் பலர். 3.5 மில்லிமீற்றர் துளை இல்லாத புதிய போன்களுக்கு மாற்றி ஒன்றும் வாங்கவேண்டும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு எச்1என்னைவிட 2024இல் வந்த எச்1எசென்ஷியல் நல்ல தெரிவு. 32 பிற் மிதவைப் பதிவு என்பதால் கெயின் வில்லையே கிடையாது, கத்தலும் இரகசியமும் இரண்டும் கோப்பில் தப்பும். யூஎஸ்பி-சி வேறு. 48 கிலோஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 23 மெகாபைற் ஆகும், அவ்வளவுதான் செலவு. ஆனால் அதுவும் எதிரொலியைக் குறைக்காது, காகத்தை விரட்டாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பழைய எச்1என் ஒன்றைத் தந்தால் மறுக்காமல் வாங்குங்கள். இந்த வேலைக்கு அது இன்னும் பத்து வருடம் ஓடும்.

கருவி இரண்டு ஏஏஏ பற்றரியில் ஏறக்குறைய 10 மணித்தியாலம் ஓடும் என்பது அல்கலைன் பற்றரிக்கான கணக்கு. ரிமோட்டுக்கு வாங்கும் மலிவான கார்பன் பற்றரி அதன் கிட்டவும் வராது. திரும்ப மின்னேற்றும் பற்றரி என்றால் மெனுவில் வகையை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அளவுகாட்டி பொய் சொல்லும். அட்டையைப் புதிதாகப் போட்டவுடன் கருவிக்குள்ளேயே போர்மற் செய்து, ஒரு மணித்தியால வெறும் பதிவு எடுத்து முழுவதும் திரும்ப ஓடுகிறதா என்று பாருங்கள். 32 என்று அச்சிட்ட எல்லா அட்டையிலும் 32 இருப்பதில்லை.

வெளியே அனுப்பும் கோப்பில் பிள்ளையின் முழுப்பெயர், பள்ளிக்கூடம், வீடு எதுவும் கேட்கக்கூடாது. கதைக்குள் பிள்ளையே சொல்லியிருந்தால் அந்த இடத்தில் சல்லாரியைத் தட்டுங்கள். அனுப்புமுன் முதலில் கேட்கவேண்டியது கதை சொன்னவர். வெட்டச் சொன்னால் வெட்டவேண்டும். காய்ச்சல் நூற்றி மூன்று என்று சொன்னதை எடுத்துரைஞர் நூற்றி இரண்டு என்று வாசித்திருந்தால் நிச்சயம் பிடிபடுவார். அந்தச் சொல்லை மட்டும் திரும்பப் பதிந்து ஒட்டலாம், அதே அறையில், அதே ஒரு சாண் தூரத்தில், அதே கெயினில். அறை மாறினால் ஒட்டுத் தெரியும்.